ஃப்ரீஸ் மேடமும் யாரோ சொன்ன நம்பரும்

வடசென்னையில் புயலுக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். போலீஸுக்குப் பயப்படாதவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறார்கள். ஆனால் ஃப்ரீஸ் மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, இடுப்பில் கை வைத்து, "அன்னிக்கி இன்னா சொன்னே?" என்று கேட்கும்போது தொண்டை வறளாத மனிதரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

திருவொற்றியூரில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கன்டெய்னர் யார்டு. ஹார்பரில் இறங்கும் பெட்டிகள் லாரியில் வந்து அங்கே அடுக்கப்படும். பிறகு வேறு லாரி ஏறி ஊர் ஊராகப் போகும். அந்த யார்டு ஆபீஸின் மாடியில், பாதி மனதோடு ஓடும் ஒரு ஏசியின் கீழே எங்கள் பிளானிங் செக்ஷன். அடுத்த மாதம் எத்தனை பெட்டி வரும், அடுத்த வருஷம் எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று கணக்குப் போட்டு ஹெட் ஆபீஸுக்குச் சொல்வதுதான் வேலை. சொன்னபடி நடக்காது. அதனால் மாதாமாதம் புதிதாகச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் உலகம் முழுக்க ஒரு சௌகரியம் உண்டு. புது நம்பரைப் பழைய நம்பரின் மேலேயே அடித்துவிடலாம். போன மாதம் என்ன உளறினோம் என்பதற்குத் தடயமே இருக்காது. மேடம் வருவதற்கு முன்னால் எங்கள் செக்ஷனும் அப்படித்தான் சுகமாக இருந்தது. கம்ப்யூட்டரில் "பட்ஜெட் ஃபைனல்" என்று ஒரு ஃபைல், பக்கத்தில் "பட்ஜெட் ஃபைனல் புதுசு", அதற்குக் கீழே "நிஜமான ஃபைனல்", கடைசியாக "இதுதான் ஃபைனல் சத்தியமா". நான்கிலும் நான்கு விதமான லாபம். எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்வோம்.

மேடம் வந்த அன்று இந்த நான்கையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா இது? மீன்புடி போட்டுக்கு ராஜான்னு பேர் வெச்சா தானா போய் மீன் புடிச்சிகினு வந்துருமா? ஃபைனலாம் ஃபைனல்!"

அன்றிலிருந்து சட்டம் மாறியது. புதுக் கணிப்பைத் தொடங்குமுன் பழையதை நகல் எடுக்க வேண்டும். அதில் உள்ள ஃபார்முலாக்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் எண்களாக உறைய வைக்க வேண்டும். யார் சொன்னது, ஏன் சொன்னது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. பிறகு மாதத்தின் பெயர் போட்டு, பூட்டி, பழைய ஃபைல்களுக்கான ஃபோல்டரில் வைக்க வேண்டும். யார் என்ன செய்யப் போனாலும், "ஃப்ரீஸ் பண்ணியா? அத்த மொதல்ல ஃப்ரீஸ் பண்ணு" என்பார். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

ஒருமுறை மார்க்கெட்டிங் பிரகாஷ், போன காலாண்டுக்குத் தான் சொன்ன நம்பர் அசிங்கமாக இருக்கிறதே என்று, மேடம் ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன சமயம் வந்து உட்கார்ந்து, மேலேயே ஒரு கௌரவமான எண்ணை அடித்துக்கொண்டிருந்தார். மேடம் திரும்பி வந்து பின்னால் நின்றது அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது.

"இன்னா பிரகாஷு, ஷோக்கா கீதே இந்த நம்பரு. அன்னிக்கி இன்னா சொன்னே?"

பிரகாஷ் அடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார். கடைசி எண் பழையபடி வரும்வரை மேடம் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். அதன் பிறகு எங்கள் அறையைக் கடக்கும்போதெல்லாம் பிரகாஷ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தார்.

கேன்டீன் மாஸ்டர் நிலைமை இன்னும் பரிதாபம். "நாளைக்கு வடை மொறுமொறுன்னு இருக்கும் மேடம்" என்று ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டார். மறுநாள் வடை வேறு மாதிரி இருந்தது. மேடம் அதைத் தட்டில் வைத்து, கவுன்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மாஸ்டரையே பார்த்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எதைப் பற்றியும் முன்கூட்டியே பேசுவதை விட்டுவிட்டார். "சாம்பார் இருக்கா?" என்று கேட்டால்கூட, "வந்து பார்த்துக்குங்க" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்தது, அவர் வீட்டுக்காரர் ஒருநாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தபோதுதான். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சார், நீங்கதான் சொல்லணும். வூட்ல ஃப்ரிஜ்ஜ தொறந்தா நேத்து கொழம்பு, முந்தாநேத்து கொழம்பு, அதுக்கு முன்ன வெச்ச கொழம்பு, எல்லாம் சீட்டு ஒட்டி வரிசையா கீது. இன்னைக்கி உப்பு ஜாஸ்தின்னு ஒரு வார்த்த சொன்னா, முந்தாநேத்து கிண்ணத்த எடுத்து முன்னால வைக்குது. 'அன்னிக்கி இதான நல்லாகீதுன்னு சொன்னே'ன்னு கேக்குது. பேஜாரா போச்சு சார்."

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. அடுத்து வந்த நாட்களில் அந்த ஆபீஸில் யாராலும் சிரிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வருஷ பட்ஜெட்டில், பெட்டிகள் எக்கச்சக்கமாக வரப்போகின்றன என்று ஒரு எண் போயிருந்தது. அந்த எண்ணை நம்பி ஹெட் ஆபீஸ் பக்கத்து மனையைக் குத்தகைக்கு எடுத்து, தளம் போட்டு, வேலியும் போட்டது. பெட்டிகள் வரவில்லை. கப்பல்கள் வேறு துறைமுகத்தைப் பார்த்துப் போய்விட்டன. புதுத் தளத்தில் ஆடுகள் படுத்துக்கொண்டன. சாயங்காலமானால் கிரிக்கெட் நடந்தது. நஷ்டம் பெரிசு. அந்த எண்ணைச் சொன்னது யார் என்று ஹெட் ஆபீஸ் கேட்டது.

எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: யார்டு மேனேஜர் தாமு சார்.

தாமு சார் திருவொற்றியூர்க்காரர், ரிடையர்மென்டுக்கு நெருக்கத்தில் இருந்தவர். கிரேன் ஆபரேட்டராக நுழைந்து மேனேஜர் ஆனவர். எதற்கும் நிதானமாகத் தலையாட்டும் மனிதர். அவர்தான் சொன்னார் என்று ஊரெல்லாம் சொன்னதில் முதல் குரல் மேடத்தினுடையது. மாதக்கணக்கில் கேன்டீனில் உட்கார்ந்து, "அந்த மனுசன் குடுத்த நம்பரால இன்னிக்கி ஆடு மேய்க்கிறோம்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். தாமு சாரும் எதிர்த்துப் பேசவில்லை. "ஆமாம்மா, சொல்லிட்டேன் போல" என்று டீயை ஆற்றிக்கொண்டே போய்விடுவார்.

டைரக்டரே நேரில் வந்து விசாரிக்கப்போவதாகச் செய்தி வந்தது. தாமு சாரிடம் 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதி வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. அதே கூட்டத்தில், ஹெட் ஆபீஸ் பிளானிங் தலைமைப் பதவியை மேடத்துக்குக் கொடுப்பது பற்றியும் முடிவு செய்வார்கள் என்றார்கள்.

ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, மேடம் என்னைக் கூப்பிட்டார். "வா நைனா, குந்து. அந்த வருசத்து பட்ஜெட்ட எடுப்போம். தாமு சார் சொன்ன நம்பர் கறுப்பு வெள்ளையா கீது. டைரக்டராண்ட காட்டிட்டா வேல முடிஞ்சுது."

பழைய ஃபோல்டரைத் திறந்தார். அந்த மாதம், அந்த வரி. தாமு சார் யார்டிலிருந்து அனுப்பிய எண் இருந்தது. சின்ன எண். ரொம்பச் சின்ன எண். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நகலைத் திறந்தார். அங்கே எண் பெரிசாகியிருந்தது. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் மேடத்தின் நிஜப் பெயர். பக்கத்தில் ஒரு குறிப்பு. அதை மேடம் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி, மீதியை உதட்டால் மட்டும் படித்தார்.

ஃபைலை மூடினார். மறுபடி திறந்தார். திறந்தால் வேறு ஏதாவது வரும் என்பது போல.

"இத்த நான் எய்தல நைனா."

அந்த ஃபோல்டரின் பாஸ்வேர்டு அவர் ஒருவரிடம்தான் இருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

"எனுக்கு நல்லா ஞாபகம் கீதுப்பா. அவருதான் சொன்னாரு. அந்தாளு மூஞ்சிகூட ஞாபகம் கீது." ஃபோல்டரைப் பூட்டினார். "ஐயோ, அந்த மனுசன கேன்டீன்ல வெச்சி எத்தினி பேச்சு பேசினேன்."

இதில் இன்னொரு சிக்கல். புது சாஃப்ட்வேர் வரப்போகிறது, கடைசி வெர்ஷன் மட்டும்தான் அதற்கு மாற்றப்படும், பழைய ஃபோல்டர் முழுவதும் அழிக்கப்படும் என்று ஹெட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. அழிக்கும் தேதி, டைரக்டர் கூட்டத்துக்கு மறுநாள். கடைசி வெர்ஷனில் அந்த எண்ணுக்கு எதிரே 'யார்டு கொடுத்தது' என்று மட்டும்தான் இருந்தது. மேடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒருநாள் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே.

அன்றிலிருந்து மேடம் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அந்த அமைதியை எங்களால் தாங்க முடியவில்லை. வேறு செக்ஷன் மேலாளர் ஒருவர் போன வாரம் சொன்னதற்கு நேர் எதிராக ஒரு எண்ணைக் கொண்டுவந்து வைத்தார். மேடம் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மேலாளர் கதவு வரை போய், திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிரகாஷ் என்னைத் தனியாக அழைத்து, "உடம்புக்கு ஏதாவதா?" என்றார். கேன்டீன் மாஸ்டர் கேட்காமலே ஒரு வடை கூடுதலாக வைத்தார், மேடம் தொடவில்லை. வாசலில் அவர் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். "சார், ஃப்ரிஜ்ஜெல்லாம் கயுவி தொடச்சி வெச்சிடுச்சி. கொழம்புல உப்பே இல்ல, சொன்னேன். 'கரீட்டு'ன்னு சொல்லிட்டு போவுது. பயமா கீது சார். இன்னா பண்ணீங்க?"

நான் என்ன பண்ணினேன்? எனக்குத் தெரிந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். மேடத்தைப் பார்த்தால் தாமு சார் முகம் ஞாபகம் வந்தது. தாமு சாரைப் பார்த்தால் மேடத்தின் முகம். ஒரு தடவை மேடமே கேட்டார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்: "ஒரு ஃபோல்டரு. போனா போவுது. இல்ல?" நான் பதில் சொல்லுமுன் எழுந்து போய்விட்டார்.

கூட்டத்தன்று டைரக்டர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், திட்டினால்கூட 'ங்க' போட்டுத் திட்டுபவர். தாமு சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பது தெரிந்தது. மேடம் லேப்டாப்போடு புரொஜெக்டர் பக்கத்தில். நானும் பிரகாஷும் சுவரோரம்.

"ஆரம்பிக்கலாமுங்களா?" என்றார் டைரக்டர். "நடந்தது நடந்து போச்சுங்க. யாரையும் நோகடிக்கறது என் நோக்கமில்லீங்க. தாமோதரன், நீங்க கொடுத்த நம்பரை வெச்சுத்தான..."

"சார், ஒரு நிமிசம்" என்றார் மேடம்.

சுவரில் பழைய ஃபோல்டர் விரிந்தது.

"அந்த நம்பரு தாமு சாரோடது இல்ல. என்னோடது."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், அது பழைய வெர்ஷனுங்க. நாளைக்கு அழிக்கப் போறதுங்க. இப்ப எதுக்கு அதைக் கிளறிட்டு..."

"பழசுன்னா நடக்காததா ஆயிடுமா சார்?"

இந்த இடத்தில் தாமு சார் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாமு சார் எழுந்து நின்றார்.

"இல்ல சார். அந்தம்மா எதோ கொயப்புது. நான்தான் சொன்னேன்."

மேடம் திரும்பினார். "தாமு சார், நீங்க சொல்லல."

"சொன்னேம்மா! எனுக்கு ஞாபகம் கீது. உங்க ரூம்ல, ஜன்னலாண்ட நின்னுகினு, டீ குடிச்சிகினே சொன்னேன்."

"ஜன்னலாண்ட நின்னுகினு மழ வர்துன்னு சொன்னீங்க. நம்பர் சொல்லல. நான் மாசக்கணக்கா சொல்லிச் சொல்லி நீங்க நம்பிகினீங்க."

"நான் செஞ்ச தப்ப நீ ஏம்மா எடுத்துக்கிறே? எனுக்கு வயசாயிடுச்சி, நான் வூட்டுக்குப் போறேன். நீ மேல போக வேண்டிய பொண்ணு."

"தப்பே நீங்க செய்யலன்றேன்!"

"செஞ்சேன்றேன்!"

டைரக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, தப்பை எனக்குக் கொடு உனக்குக் கொடுன்னு சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லீங்க."

மேடம் அவர் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "சார், இத்தினி வருசமா நான் இந்த ஆபீஸ்ல எல்லாரையும் புடிச்சி நிறுத்தி, அன்னிக்கி இன்னா சொன்னேன்னு கேட்டேன். இன்னிக்கி என்னிய கேளுங்க."

டைரக்டர் தயங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரிங்க. அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

மேடம் குறிப்பைத் திறந்தார். சுவரில் அம்புக்குறியை அந்த வரியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தார்:

"தாமு சார் பயந்துகினு கம்மியா சொல்றாரு. அவரு எப்பவும் இப்டிதான். நான் ஏத்திட்டேன். தைரியமா போலாம்."

தாமு சார் சுவருக்குக் கிட்டப் போய், கண்ணைச் சுருக்கி, ஒருமுறை தானும் படித்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது, தான் சொல்லவில்லை என்பது. முகம் மெல்ல மாறியது. வேலை தப்பித்த சந்தோஷமா, இத்தனை நாள் பட்ட அவமானமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பினார்.

"பயந்துகினா? நானா? எப்பவும் இப்டிதான்னு எய்திகீறே?"

பிரகாஷ்தான் முதலில் சிரித்தார். பிறகு டைரக்டர். பிறகு அறை முழுக்க. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாமு சார் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, எல்லார் முன்னாலும் கிழித்து, குப்பைக் கூடை தூரத்தில் இருந்ததால் மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.

சிரித்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கம்பெனி கம்பெனிதான். தாமு சார் வேலை தப்பித்தது. மேடத்துக்கு ஹெட் ஆபீஸ் பதவி போயிற்று, பிளானிங்கும் போயிற்று. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பெனிக்கு ஒரு கோடவுன் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். பழைய ஃபோல்டர் அழியவில்லை. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். இந்தச் சண்டையைக் கேள்விப்பட்ட ஆடிட்டர், பழைய வெர்ஷன்கள் எல்லாம் வேண்டும் என்று எழுதிக் கேட்டுவிட்டார். புது சாஃப்ட்வேரில் இப்போது ஒவ்வொரு பழைய கணிப்பும் பூட்டியபடி வரிசையாக நிற்கிறது. யாரும் கை வைக்க முடியாது.

தாமு சார் மேடத்தோடு ரொம்ப நாள் பேசவில்லை. மாதக்கணக்கில் பழி சுமத்தியதற்காக அல்ல. "அத்த வுடுப்பா, மறதி யாருக்கும் வரும். ஆனா பயந்துகினுன்னு எப்டி எய்தலாம்? நான் புயல்ல கிரேன் ஓட்னவன்பா" என்று என்னிடமே பலமுறை முறையிட்டார். மேடம் சாத்தாங்காட்டுக்குக் கிளம்பிய அன்று, இரண்டு பை, ஒரு கால்குலேட்டரோடு கேட்டில் ஆட்டோவுக்கு நின்றார். தாமு சார் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறும்மா. வுட்டுட்டு வரேன். பயந்துகினு மெதுவாதான் ஓட்டுவேன், பரவால்லயா?"

மேடம் ஏறிக்கொண்டார். அத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டார், ரோட்டில் தூசி அதிகம்தான், ஆனால் அன்று லாரி எதுவும் போகவில்லை.

நானும் பிறகு வேறு கம்பெனிக்கு, எண்ணூர் பக்கம் மாறிவிட்டேன். சாத்தாங்காட்டில் மேடத்தை அவ்வப்போது பார்ப்பதுண்டு. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஹெல்மெட் போட்டுக்கொண்டு, லாரி டிரைவர்களை இடுப்பில் கை வைத்து விசாரித்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, எளைச்சி கீறே, வூட்ல சோறு போட்றாங்களா இல்லியா?" என்று ஒரு பிடி பிடிப்பார். பிறகு டீ வாங்கித் தருவார். டீ அங்கே அவ்வளவு நன்றாக இருக்காது.

என் வீடு தண்டையார்பேட்டையில். எண்ணூரிலிருந்து கிளம்பினால் கடலோரமாக வந்து டோல்கேட் வழியாக நேராகப் போய்விடலாம். சாத்தாங்காடு நல்ல சுற்று. போதாக்குறைக்கு லாரி, புழுதி, குண்டும் குழியும். நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.